அப்பாவிடமே கேட்டுவிடு, செல்வி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் போகவில்லை, மூடி வைத்துவிட்டேன். போனில் பேசலாம் என்றால் நடுவில் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் இத்தனை நாள். கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவுக்கு மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், கேட்கவே நிம்மதியாக இருந்தது. இந்த நேரத்தில் அவரைப் புதைப்பதா எரிப்பதா என்று யோசிக்கிறேனே, நான் என்ன பிள்ளை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை அடித்துவிடு. ராத்திரி பகலாய்ப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவளுக்குத்தான் இந்த யோசனை வரும். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு வராது.

நீ கேட்டதற்கு வருகிறேன். என் அம்மாவை எரிப்பது என்று நாங்கள் எப்படி முடிவு செய்தோம் என்றால், முடிவு எங்களுடையதே இல்லை. அம்மாவுடையது. என் அப்பா 1998இல் இறந்தபோது தூத்துக்குடியில் அடக்கம் செய்தோம், அதற்கப்புறம் அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் தோழி ஒருவர் இங்கே மகன் வீட்டில் இறந்து, ஐஸ் பெட்டியோடு ஆம்புலன்ஸில் அறுநூறு கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே அம்மா சொன்னார், "என்னை இப்படி இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. இங்கேயே எரிச்சு, உங்கப்பா பக்கத்துல கொண்டுபோய் வச்சிடு." நான் பேச்சை மாற்றினேன். இன்னும் இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் மாற்றினேன். இதுதான் நான் செய்த தப்பு, செல்வி. பிப்ரவரியில் விடிகாலையில் தூக்கத்திலேயே அம்மா போனபோது, "அம்மா அப்படிச் சொன்னார்" என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். கனடாவிலிருந்து தம்பி போனில் கேட்கிறான், "அம்மா ஏன் என்கிட்ட சொல்லல?" சித்தி வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம குடும்பத்துல யாரை எரிச்சிருக்கு? உயிர்ப்பு நாள்ல உங்கம்மா எதோட எழுந்திருப்பா?" என்கிறார். எனக்கே ஒரு நிமிஷம், அம்மா நிஜமாகவே சொன்னாரா, நானாகக் கற்பனை செய்கிறேனா என்று ஆகிவிட்டது.

ஃபாதர் வந்துதான் சித்தியிடம் பொறுமையாகப் பேசினார். எரிக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை தடுத்து வைத்திருந்தது உண்மைதான், 1886இல் போட்ட தடை. அந்தக் காலத்தில் இத்தாலியில் சில பேர் செத்தவர்கள் உயிர்த்தெழுவதாவது ஒன்றாவது என்று காட்டுவதற்காகவே பிணத்தை எரித்ததால் வந்தது அது. 1963இல் தடையை எடுத்துவிட்டார்கள். அடக்கம்தான் சிறந்தது என்று இன்னும் சொல்கிறார்கள், ஆனால் விசுவாசத்துக்கு எதிராகச் செய்யாத வரையில் எரிப்பதற்குத் தடை இல்லை, பூசையும் முழுதாக உண்டு. "மண்ணிலிருந்து எழுப்ப முடிந்த கடவுளுக்குச் சாம்பலிலிருந்து எழுப்ப முடியாதா?" என்று ஃபாதர் கேட்டார். சித்தி பதில் சொல்லவில்லை, ஆனால் எழுந்து அம்மாவுக்குத் தலைவாரிவிடப் போனார்.

வேலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வீட்டில் இறந்தால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இறப்புக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடு. அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது இல்லையா? எரிப்பதாக இருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும், சூட்டில் பேட்டரி வெடித்துவிடும். அம்மாவுக்கும் இருந்தது, எனக்கு இது தெரியாது. வைத்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கேட்கச் சொல்லி இரண்டு மணி நேரம் அலைக்கழித்தார்கள். கடைசியில் தெரிந்த டாக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து, தோள்பட்டைக்குக் கீழே சின்னதாகக் கீறி எடுத்துக் கொடுத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அன்று முழுவதும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கோவிலில் பூசை முடிந்து, எங்கள் பகுதி மயானத்துக்குக் கொண்டுபோனோம். எரிவாயு மேடைதான். அங்கே பெட்டியோடு வைக்க மாட்டோம் என்றார்கள். அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. பெட்டியிலிருந்து தூக்கி இரும்புத் தட்டில் படுக்க வைத்தபோது அம்மா அவ்வளவு சின்னதாகத் தெரிந்தார். கையில் சுற்றியிருந்த ஜெபமாலையை எடுத்துவிடுங்கள் என்று அங்கே வேலை செய்கிற அண்ணன் தணிந்த குரலில் சொன்னார், நான்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன். கதவு மேலே ஏறியது, தட்டு உள்ளே போனது, கதவு இறங்கியது. அவ்வளவுதான். நம் அடக்கத்தில் குழியைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவோமே, அது இல்லை. எல்லாரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றோம். எரிப்பதில் எனக்குத் தாங்க முடியாமல் போனது அந்த வெறும் கைதான், நெருப்பு இல்லை.

ஒன்றரை மணி நேரத்துக்கப்புறம் சட்டியில் கொடுத்தார்கள். இளஞ்சூடு இருந்தது. இரண்டு கிலோ இருக்கும், அம்மா என்னைப் பெற்றபோது நான் இருந்த எடை.

தம்பி பாதியைக் கனடாவுக்குக் கொண்டுபோகிறேன் என்றான். அவனுக்கு அங்கே போய் நிற்க ஒரு இடம் வேண்டும், அது நியாயமான ஆசை. ஆனால் சாம்பலைப் பங்கு போடக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது, கடலிலோ காற்றிலோ தூவக் கூடாது, புனிதமான ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் எழுதியிருக்கிறது. 2023 டிசம்பரில் கொஞ்சம் தளர்த்தி, மிகச் சிறு பகுதியை அவர் வாழ்வில் முக்கியமாக இருந்த இடத்தில் வைக்கக் கேட்டால் பரிசீலிக்கலாம் என்றார்கள். அம்மா கனடாவைப் பார்த்ததே இல்லை. அம்மா ஒரே இடத்தில் இருக்கட்டும்டா என்று நான் சொன்னேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனேதான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுவதும் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தான், படுக்கவே இல்லை.

தூத்துக்குடியில் அப்பாவின் கல்லறைக்குத் தலைமாட்டில் கடப்பாரையால் ஒரு முழம் தோண்டியிருந்தார்கள். ஃபாதர் மந்திரித்து முடித்ததும் தம்பி கலசத்தை இறக்கி வைத்தான். முதலில் குனிந்து மண்ணை அள்ளியது சித்திதான். பன்னிரண்டு பேர் இருந்தோம், ஆளுக்கு ஒரு பிடி போட்டதிலேயே குழி நிறைந்துவிட்டது, ஆனாலும் சித்தி நிறுத்தவில்லை, இன்னும் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சின்ன மேடு மாதிரி ஆனது. அங்கேதான் எனக்கு அம்மாவை அடக்கம் செய்த மாதிரி இருந்தது, சென்னையில் இல்லை.

அதனால் உனக்கு எரி என்றும் சொல்ல மாட்டேன், புதை என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் அம்மா கல்லறை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே புதுக் குழிக்கு இடம் இல்லை, ஆனால் குடும்பக் கல்லறையைத் திறந்து வைக்கிறார்கள். பழைய ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு ஆபீஸில் போய்க் கேள், அந்தக் குழியில் என்ன செய்யலாம் என்று தெரிந்தாலே பாதிப் பாரம் குறையும். எரித்தாலும் சாம்பலை அம்மாவோடு வைக்கலாம். எப்படியானாலும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் உனக்கு இருக்கும். உன் அண்ணன் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு "எரிச்சிட்டா வேலை முடிஞ்சுது" என்கிறாரே, அந்தக் காரணத்துக்காக மட்டும் எரிக்காதே. அண்ணி, "ஊர் என்ன சொல்லும்" என்கிறாரே, அதற்காகப் புதைக்கவும் வேண்டாம்.

அப்பாவிடம் கேள். சாயங்காலம் ஹார்லிக்ஸ் குடித்துவிட்டுத் தெளிவாக இருப்பார் என்று எழுதியிருந்தாயே, அந்த நேரத்தில் கேள். அண்ணனை வீடியோ காலில் வைத்துக்கொள், அண்ணியும் பக்கத்தில் இருக்கட்டும். என்னை மாதிரி ஒற்றைச் சாட்சியாக நிற்காதே. "அப்பா, உங்களை அம்மாகிட்ட எப்படிக் கொண்டுபோகணும்?" என்று கேட்டால் போதும், அவர் புரிந்துகொள்வார். நம்மைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டபோது டிரங்குப் பெட்டியில் எந்தத் துணி எந்த அடுக்கில் என்று சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்த மனுஷர் அவர். இதை யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

அம்மா போய் இரண்டு வாரத்தில் சாம்பல் புதன் வந்தது. வரிசையில் நின்று, ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசியபோது என்னால் அடக்க முடியவில்லை, பக்கத்தில் நின்ற சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அன்றைக்கு நான் முகம் கழுவவில்லை.

நவம்பர் 1 ராத்திரி தூத்துக்குடிக்குக் கிளம்புகிறேன், சித்தியும் வருகிறார். அப்பாவை ஒரு நாள் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றால் நீயும் வா, டிக்கெட் நான் போடுகிறேன். முடியாவிட்டால் உங்கள் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி நான் ஏற்றுகிறேன்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல். அவர் என்ன சொன்னார் என்று எழுது.

உன்,
மேரி