பழைய ஜீப்புக்கு விற்கப்பட்ட “எரிபொருள் சிக்கனச் சேவை” தொடர்பான புகார்

கந்தப்பளை,
நுவரெலியா மாவட்டம்.

முகாமைப் பணிப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் கண்டிக் கிளை “எரிபொருள் சிக்கனச் சேவை” என்ற பெயரில் எனது ஜீப்பில் செய்த வேலைக்கு 68,500 ரூபாய் செலுத்தினேன். நூற்றுக்கு 25 வீதம் டீசல் மிச்சமாகும் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். மிச்சமாகவில்லை என்பதோடு, முன்பைவிட அதிகமாகச் செலவானது. நேரில் போய் முறையிட்டபோது, “பழைய வண்டி, மலைப் பாதை, அப்படித்தான் இருக்கும்” என்று கிளை முகாமையாளர் சொல்லி அனுப்பிவிட்டார். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

வண்டி 1997 ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ, 2.8 லீற்றர் டர்போ டீசல், கையால் கியர் மாற்றும் வகை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. இப்போதைய வரியோடு புதிய வண்டி வாங்குவது என்னைப் போன்ற மரக்கறி வியாபாரிக்கு நடக்கிற காரியமில்லை. லீக்ஸும் கரட்டும் ஏற்றுவது இந்த ஜீப்பில்தான். தோட்டத்தில் யாருக்காவது இரவில் நோய் கண்டால் நுவரெலியா வைத்தியசாலைக்கு ஓடுவதும் இதுதான். ஆகவே ஒவ்வொரு லீற்றரும் எனக்குக் கணக்கு. ஒரே பம்பில், முனை முதல் தடவை தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை எழுதிவைப்பது என் பழைய வழக்கம். தங்கள் கிளைக்குக் கொண்டுபோகும் முன் லீற்றருக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் கிடைத்தது. அதன் பிறகு 7 ஐ எட்டவில்லை. அந்தக் குறிப்புகளின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கிளையில் பொருத்தியது என்ன? டீசல் குழாயின் இரு பக்கமும் இரண்டு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றி நீல நிற பிளாஸ்டிக் பட்டி. காந்தம் டீசலின் மூலக்கூறுகளைப் பிரித்து முழுமையாக எரிய வைக்கும் என்பது விளக்கம். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினில் எரியாமல் வெளியேறும் எரிபொருள் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அந்த இரண்டையும் எரித்தாலும் 25 வீதம் எங்கிருந்து வரும்? எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்படும் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு மிச்சம் தந்த ஒன்றைக்கூட அது காணவில்லை. இதை ஒரு வாகன நிறுவனம் அறியாமல் இருக்க முடியாது.

காந்தத்தோடு போயிருந்தால் பணம்தான் நட்டம். அதைவிடப் பெரிய வேலை ஒன்று என்னிடம் சொல்லாமலே செய்யப்பட்டிருக்கிறது.

சேவைக்குப் பிறகு வெப்பமானியின் முள், இறம்பொடை ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஏறும்போதுகூட கீழ்க் கோட்டை விட்டு எழும்பவில்லை. ஹீட்டரில் குளிர்காற்றே வந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஜனவரி இரவு எப்படியிருக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். புல்லில் உறைபனி படியும். மூச்சுத் திணறலோடு இருந்த ஒரு அம்மாவைப் பின்னால் இருத்திக்கொண்டு, முன் கண்ணாடியில் படிந்த நீராவியைக் கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

நுவரெலியாவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஐயா ரேடியேட்டர் குழாயைக் கழற்றி, தேர்மோஸ்டாட் மூடியைத் திறந்தார். உள்ளே தேர்மோஸ்டாட் இல்லை, வெறும் கூடு. மூடியைச் சுற்றி ஒட்டுப்பசை புதிதாக, வெள்ளையாக இருந்தது. தங்கள் பற்றுச்சீட்டில் “கூலன்ட் மாற்றுதல்” என்று ஒரு வரி இருக்கிறது. அப்போதுதான் தேர்மோஸ்டாட்டை எடுத்திருக்க வேண்டும். அதற்கு முன் முள் ஒழுங்காக நடுவில் நின்றது. எடுத்ததாக ஒரு சொல்லும் எழுதவில்லை, கழற்றிய பாகத்தைத் தரவுமில்லை.

எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, 80 பாகை செல்சியஸை அண்டித் திறப்பதுதான் தேர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால், எங்கள் குளிரில் எஞ்சின் நாள் முழுக்க அரைச் சூட்டிலேயே ஓடும். ஒயில் தடிப்பாகவே இருக்கும், எரிப்பின் வெப்பம் தண்ணீரோடு வீணே போகும், டீசல் செலவு ஏறும். சிக்கனம் என்று பணம் வாங்கிக்கொண்டு, சிக்கனத்துக்குத் தேவையான பாகத்தையே கழற்றி எறிந்திருக்கிறார்கள். மெக்கானிக் ஐயா புதிய தேர்மோஸ்டாட் போட்டார். தங்களவர்கள் தொடாமல் விட்ட தூசி அடைத்த காற்று வடிகட்டியை மாற்றினார். இறுகி உரசிக்கொண்டிருந்த பின் பிரேக்கைத் தளர்த்தி, டயர் காற்றைக் கதவோரத் தகட்டில் உள்ளபடி சரிசெய்தார். இப்போது லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அந்தச் செலவு தங்களுடையதில் கால்வாசி இல்லை. காந்தம் இப்போது வண்டியில் இல்லை.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து உடனே கவனியுங்கள். சேவையோடு தந்த கையேட்டின் பின்பக்கத்தில், “இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு எரிபொருளை மிச்சப்படுத்துங்கள்” என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை மலைநாட்டு மக்களிடம் கொடுப்பதா? இறக்கத்தில் வண்டி கியரில் இருக்கும்போது எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். மிச்சம் என்று சொன்னதே பொய். அதற்கு மேல், எஞ்சினின் பிடி இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். அது சூடேறிப் பிடிக்காமல் போகும். நானுஓயா ரதெல்ல குறுக்குவீதியில் 2023 ஜனவரியில் ஒரே விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அத்தகைய இறக்கங்களில்தான் நாங்கள் தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறோம். அந்தக் கையேட்டை நம்பி ஒரு இளம் சாரதி ஓட்டிப் பார்த்தால் யார் பொறுப்பு?

செலுத்திய 68,500 ரூபாயும் தேர்மோஸ்டாட் போட்ட செலவும் எனக்குத் திரும்ப வேண்டும். அதைக் கழற்றச் சொன்னது யார், வேறு எத்தனை வண்டிகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். அந்த வாடிக்கையாளர்களுக்கும் தாங்களே அறிவிக்க வேண்டும். கையேட்டை எல்லாக் கிளைகளிலிருந்தும் மீளப்பெற வேண்டும். பணம் தாமதமானாலும் இது தாமதிக்கக் கூடாது.

இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறையிடுவேன். முறைப்பாட்டுக்குரிய மூன்று மாதக் காலம் இன்னும் கடக்கவில்லை. பற்றுச்சீட்டு, விளம்பரத் தாள், கையேடு, மெக்கானிக்கின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளும் இத்துடன் உள்ளன. மூலப் பிரதிகளும் கழற்றிய காந்தமும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்