குதிரை ராட்டினம் போதும்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் சின்னவனும் நலமாக இருக்க நெல்லையப்பரும் காந்திமதியும் துணை.

ஆனித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது, ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்கிறார்கள். அக்கா தேருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய டிஸ்னி வேர்ல்ட் திட்டத்தைக் கடையில் கொடுத்து அச்செடுத்து வைத்திருக்கிறேன். நான்கு நாள், நான்கு பார்க். காலை ஏழரைக்கு வாசலில் நிற்பதில் தொடங்கி, ராத்திரி வாணவேடிக்கை வரைக்கும் நிமிஷக் கணக்கு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சுவரில் ஒட்டி வைத்தாயே, அதே மாதிரி அட்டவணை. 1971-ல் அந்த இடத்தைத் திறந்தார்களாம், உன் சித்தப்பா பிறந்த வருஷம். நம் தெருவில் பிறந்த பிள்ளை அங்கே குடும்பத்தோடு போகிறான் என்று வாசலில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் தாளில் சின்னவன் தூங்குகிற நேரம் எங்கேயும் இல்லை.

ஒரு நாளைக்கு அரை நாள் போதும் தம்பி. ஜூலை மாதம் அந்த ஊரில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் வருமாம். மின்னல் வெட்டினால் வெளியில் உள்ள ரைடையெல்லாம் நிறுத்திவிடுவார்களாம். மத்தியானமே அறைக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பாடு கையில் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாதாம். மருமகளைப் புளியோதரை கிண்டச் சொல். சின்னவன் வேறொன்றும் வாயில் வைக்க மாட்டான் என்று அம்மா சொல்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது கீழவீட்டு ஆச்சியின் பேத்தி. அட்லாண்டாவில் இருப்பவள், திருவிழாவுக்கு வந்திருக்கிறாள். போன வருஷம் அங்கேதான் போனார்களாம். அவள் மகளுக்கு ஏழு வயது. காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருக்கிறது அந்தப் பிள்ளை, நாதஸ்வரச் சத்தம் கேட்டால் இரண்டு கையாலும் அதை அழுத்திக்கொள்கிறது. நம் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது.

அவர்கள் மூன்று நாள் போய் இரண்டு பார்க்தான் பார்த்தார்களாம். மேஜிக் கிங்டம் என்கிற பார்க்கில் ஒரு குதிரை ராட்டினம் இருக்கிறதாமே, 1917-ல் செய்தது, முன்பு உங்கள் நியூஜெர்சியில் ஓடிக்கொண்டிருந்ததை வாங்கிவந்து புதுப்பித்து வைத்தார்களாம். அந்தப் பிள்ளை அதிலேயே பதினோரு தடவை ஏறியதாம். மற்றதொன்றும் வேண்டாமென்று அவர்களும் விட்டுவிட்டார்கள். ராத்திரி வாணவேடிக்கைக்கு நிற்கவேயில்லை.

வரிசையில் வெகுநேரம் நிற்க முடியாத பிள்ளைகளுக்கு அங்கே ஒரு ஏற்பாடு உண்டாம். திரும்பி வர ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள், அதுவரை நிழலில் எங்கேயாவது இருந்துகொள்ளலாம். கூட்டமும் சத்தமும் தாங்காமல், வளர்ச்சி கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிற பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிறார்கள். போகுமுன் வீட்டிலிருந்தே வீடியோவில் பேசிப் பதிய வேண்டுமாம். சும்மா தெரிந்து வைத்துக்கொள் என்று எழுதுகிறேன். மருமகளிடமும் சொல்.

அக்காவின் மாமியார் வீட்டில் வேறு விதம். அவர்கள் கொச்சி வொண்டர்லாவுக்கு இருபத்திரண்டு பேர் வேன் பிடித்துப் போவார்கள், எல்லாரும் ஒரே நிறத்தில் பனியன். சம்பந்தியம்மாள் மரத்தடியில் பைகளுக்குக் காவல். அந்த அம்மாள் எதிலும் ஏறியதில்லை, ஆனால் அந்த நாளைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசுவாள்.

நம் வீடு எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும். அந்தப் பழக்கம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது.

மூன்று வாரமாகச் சின்னவனை வீடியோவில் காட்டவில்லை. தூங்குகிறான் என்கிறாய். நாங்கள் பேசும்போது இங்கே சாயங்காலம் ஏழரை, அங்கே காலை பத்து மணி. வருகிற ஆவணியில் நாலு முடிகிறது. போன சித்திரையில் பார்த்தபோது அவன் மேலே ஓடுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீ சட்டென்று போனைத் திருப்பிவிட்டாய். பெற்றவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். உனக்கு ஐந்து வயதில் டவுன் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனேன், நினைவிருக்கிறதா? ராட்சத ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். எங்கள் ஆபீஸ்காரர் குடும்பம் பின்னால் நின்றது. அவர் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஏறின. நான் உன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துத் தூக்கி உட்காரவைத்தேன். ஆள் ஏற்றுவதற்காக நாம் உச்சியில் இருக்கும்போது ராட்டினத்தை நிறுத்தினான். நீ சத்தமே போடவில்லை. உன் டவுசர் நனைந்து என் வேட்டியும் நனைந்தது. என் மணிக்கட்டில் நான்கு நகக்குறி, ஒரு வாரம் இருந்தது. அம்மா கேட்டதற்குக் கதவு இடித்தது என்றேன்.

அது மட்டுமில்லை. மூன்று வயதிலும் உனக்குப் பேச்சு வரவில்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டாள். ஊர் என்ன சொல்லும் என்று தடுத்தவன் நான். சொந்தக்காரர்கள் வந்தால் உன்னை உள்ளறையில் தூங்கவைக்கச் சொல்வேன். நீ தூங்கியிருக்க மாட்டாய். கதவிடுக்கில் உன் கால்விரல் தெரியும். பிறகு நீ பேசினாய், படித்தாய், முதல் மதிப்பெண் எடுத்தாய், நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். உன்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தப்பு என்னுடையது தம்பி. அம்மா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

சின்னவனை எதிலும் தூக்கி ஏற்றாதே. அந்த ஸ்பேஸ் மவுண்டன் ரைடுக்கு 44 அங்குல உயரம் வேண்டுமாம், அது எப்படியும் அவனுக்கு இல்லை. உனக்கு ஆசையாக இருந்தால் மருமகள் அவனோடு வெளியே இருக்கட்டும், நீ ஏறி இறங்கியதும் அவள் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாமாம். டிக்கெட் காசு வீணாகிறதே என்று கணக்குப் பார்க்காதே. அரை நாள் போதும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். கீழவீட்டுப் பிள்ளைகள் திரும்பும்போது அல்வாவோடு கொடுத்தனுப்புகிறேன், அங்கே போனதும் உனக்குத் தபாலில் போடுவார்கள். அந்தப் பேத்தியின் நம்பரையும் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குப் போனோடு உட்கார்ந்திருப்பேன். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள். தாத்தாவைப் பார், ஆச்சியைப் பார் என்று யாரும் சொல்ல வேண்டாம், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவன் விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். போனை மேலே திருப்பி வை, நானும் அதைப் பார்க்கிறேன்.

அப்பா