பொது அறையின் காற்றைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளே,

விடுதிப் பொறுப்பை ஏற்றதும் மேசைகளையும் கதவுப் பிடிகளையும் கிருமிநாசினி கொண்டு தினமும் துடைக்க ஏற்பாடு செய்திருப்பதாக எழுதியிருந்தாய். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கொரோனா போன்ற தொற்றுகள் முதன்மையாக மூச்சுக்காற்றின் வழியே பரவுகின்றன என்பதால், உன் முதல் கவனம் அறைகளின் காற்றில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். துடைப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. அதனாலேயே பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். அறிகுறியோடு வந்திருந்த ஒருவரைத் தவிர மேலும் 52 பேர் நோயுற்றதாகவும், இருவர் இறந்ததாகவும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்தது. பேசும்போதும் பாடும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும். சுவரில் மாட்டும் ஏசி பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறதே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதை நீ மறக்கக் கூடாது.

ஆகவே சாப்பாட்டுக் கூடத்திலும் படிப்பறையிலும் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வை. காற்றை வெளியேற்றும் மின்விசிறியின் வலைக்கு அருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார். அது வலையோடு ஒட்டிக்கொள்ளாமல் தொங்கினால், விசிறி சுழன்றும் பயனில்லை, தூசியைத் துடைக்க வேண்டும் என்று பொருள். அதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2023இல், மணிக்கு 5 முறையாவது அறைக்காற்று மாறும் அளவுக்குத் தூய காற்று கிடைக்கச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. சன்னல் திறக்க வழியில்லாத அறைக்கு, அதன் அளவுக்கு ஏற்ற, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கு. கை கழுவுமிடத்தில் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்.

இவற்றைவிடக் கடினமானது மனிதர்களின் தயக்கம். ஃப்ளூ அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றக்கூடும். அதற்கு மேல் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஒருவர் பந்தியில் வந்து அமர்ந்தால், யாரைக் குறை சொல்வது? வருகைப்பதிவு போய்விடும், உணவு கிடைக்காது என்ற அச்சம் இருக்கும்வரை எவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். எனவே உடல்நலமில்லாதவருக்கு உணவை அறைக்கே அனுப்பவும், அவர் வெளியே வர நேர்ந்தால் என்95 முகக்கவசம் கொடுக்கவும் முதலில் ஏற்பாடு செய். அதன் பிறகு, உடல்நலமில்லாதவர்கள் அறையிலேயே இருக்க வேண்டும் என்ற அறிவிப்பை ஒட்டு.

இப்படிக்கு,
அம்மா