சோலைக்கிளிக்குப் பச்சைக்கிளி படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சோலைக்கிளி பற்றிய கட்டுரைக்குப் பச்சைக்கிளியின் படம் போட்டிருந்தீர்கள். போகட்டும், பெயரில் கிளி இருக்கிறது. படம் தேடியவர் பாவம், என்ன செய்வார்? உயரமான மலைகளில் இருக்கும் சோலைக்காட்டுக்குள் புதரடி இருட்டில் தத்தித் திரியும் சிறு பாட்டுப் பறவை அது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

"நீலகிரியில் குறைந்தாலும் கொடைக்கானலில் இருப்பதால் கவலை இல்லை" என்ற வரிதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. கொடைக்கானலில் இருப்பது வேறு பறவை ஐயா! நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. நிழலை விட்டு வராத பறவை அந்த வெயிலை எப்படித் தாண்டும்? எங்கள் நீலகிரி மலையில் இருப்பதற்கு விலாவில் துருப்பிடித்த இரும்பின் நிறம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் இருப்பதற்கு அந்தத் துரு கிடையாது. விலா நீலச்சாம்பல், வயிறு வெள்ளை. 2017இல் ஆய்வாளர்கள் இவற்றுக்கென 'சோலிகோலா' என்று தனிப் பேரினமே வகுத்தார்கள், நம் சோலையின் பெயரை வைத்து. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் கொடைக்கானல் பறவை 'எளிதில் பாதிக்கப்படக்கூடியது'. எங்களுடையது அதைவிட ஒரு படி மோசம், 'அழியும் ஆபத்தில் உள்ளது'. இங்கே தீர்ந்தால் அங்கிருந்து கைமாற்று வாங்க முடியாது.

தங்கள் இதழுக்கு மரம் எல்லாம் ஒன்று, பறவை எல்லாம் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சீகை (வாட்டில்) மரத் தோப்பின் படத்துக்கு 'அடர்ந்த இயற்கைக் காடு' என்று தலைப்பிட்டீர்கள். சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வெளிநாட்டிலிருந்து வந்து சோலையையும் புல்வெளியையும் தின்ற கதையை அப்போதே எழுதினேன். அந்தக் கடிதம் இன்றுவரை வெளிவரவில்லை. இடமில்லை போலும், அதே பக்கத்தில் ராசிபலனுக்கு இடம் இருந்தது.

போன மே மாதம் எங்கள் ஊர் லாங்வுட் சோலையில் கேமராவோடு நான்கு பேர். கைப்பேசியில் சோலைக்கிளியின் பாட்டை ஒலிக்கவிட்டார்கள். கூடு கட்டும் காலம். இல்லாத எதிரியை விரட்ட அந்தப் பறவை பாசிக்கல் மீது வந்து நின்று, பாடிப் பாடி ஓய்ந்தது. அரை மணி நேரம்! கேட்டதற்கு, "பத்திரிகைக்காக எடுக்கிறோம் சார்" என்றார்கள். எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை.

மூன்று வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இணையப் பக்கத்திலிருந்து அந்தப் பச்சைக்கிளியையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முப்பது ஆண்டு வாசகர்,
கோத்தகிரி