நிலவு விழும் படமும் நம் கரையின் ஓதமும்

மாண்ட்ரியல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி கதிருக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அங்கே அப்பா, அம்மா, ஆயா நலம்தானே? அம்மாவைப் பனியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். வெளியே மைனஸ் பதினைந்து இருந்தாலும் வீட்டுக்குள் 21 டிகிரி. மெட்ரோ முழுக்கத் தரைக்கடியில் ஓடுகிறது, நகர மையத்தில் கடைகளையும் அலுவலகங்களையும் சுரங்கப் பாதைகளே இணைக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிறது. தெருப் பலகைகளில் 'ரு' (பிரெஞ்சில் தெரு) என்று பார்க்கும்போது நம் புதுச்சேரியின் வெள்ளை நகரம்தான் ஞாபகம் வரும்.

நிலவு பூமியில் விழ வரும் ஹாலிவுட் படம் 'மூன்ஃபால்' பார்த்துவிட்டு, "இவ்வளவு செலவு செய்தும் ஏன் மனசில் ஒட்டவில்லை?" என்று கேட்டிருந்தாய். உன் குறும்படத்தில் கடல் ஊருக்குள் வரும் காட்சி இருப்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் படம் எடுக்கப்பட்டது இந்த ஊரில்தான். இயக்குநர் ரோலண்ட் எமெரிக் 2004-ல் வந்த தன் 'தி டே ஆஃப்டர் டுமாரோ' படத்தையும் பெரும்பகுதி இங்கேதான் எடுத்தார். பெரிய ஸ்டூடியோத் தளங்கள் இருக்கின்றன, கியூபெக் அரசு வரிச் சலுகை தருகிறது, வி.எஃப்.எக்ஸ். நிறுவனங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. (2024-ல் அந்தச் சலுகையை அரசு குறைத்த பிறகு வேலைகளும் குறைந்துவிட்டன. உன் நண்பர்கள் யாராவது அனிமேஷன் படித்துவிட்டு இங்கே வர நினைத்தால் அதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.) 'மூன்ஃபால்' 2020 அக்டோபரில் படப்பிடிப்புக்குப் போனது. செலவு ஏறத்தாழ 14 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 1,050 கோடி ரூபாய். பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோவின் சொந்தப் பணம் அல்ல, பல இடங்களில் திரட்டியது. 2022 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவில் வெளியாகி, முதல் வார இறுதியில் அங்கே சுமார் 1 கோடி டாலர்தான் வந்தது. உலகம் முழுக்கச் சேர்த்து 6.7 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. படம் பிறந்த இந்த ஊரிலோ அந்த வெள்ளிக்கிழமை தியேட்டர்களே பூட்டிக் கிடந்தன. கோவிட் கட்டுப்பாட்டில் மூடியவை பிப்ரவரி 7 அன்றுதான் திறந்தன.

கோவிட் மட்டும் காரணமல்ல. நிலவு பூமியை நோக்கி வருகிறது என்ற கற்பனையும் காரணமல்ல. அப்படியொரு கற்பனையை நாம் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்ட பிறகு கடலும் தரையும் என்ன செய்யும் என்பதைப் படம் தன் கணக்கிலேயே ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. பெருகவேண்டிய இடத்தில் குறைத்துவிட்டார்கள், ஒன்றும் நடக்காத இடத்தில் பெருக்கிவிட்டார்கள். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது உடனே உறுத்தும்.

முதலில் ஓதம், அதாவது நிலவின் இழுப்பில் கடல் ஏறி வற்றுவது. நிலவு இன்று சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஓதத்தை எழுப்பும் விசை தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். தூரம் பாதியானால் விசை 8 மடங்கு, கால்வாசியானால் 64 மடங்கு. நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதமே ஒரு மீட்டருக்குள்தான் ஏறி இறங்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலவுடையது, மீதி சூரியனுடையது. கால்வாசித் தூரத்துக்கு நிலவு வந்தால், கணக்கு மட்டும் போட்டாலே 40 மீட்டருக்கு மேல் வருகிறது. அதில் பாதி இன்றைய கடல் மட்டத்துக்கு மேலே, அதாவது ஏறும்போது நம் பழைய கலங்கரை விளக்கம் பாதிக்கு மேல் முழுகிவிடும். அதுவும் ஒரே அலையாக வந்து போவதில்லை. அந்தத் தூரத்தில் நிலவு பூமியைச் சுற்ற மூன்றரை நாள்கூட ஆகாது. ஓதம் 17 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறும், நடுவில் வற்றும், மறுபடி ஏறும். ஊரைவிட்டு ஓடியவன் திரும்பி வந்து பார்ப்பான், மறுபடி ஓடுவான். எவ்வளவு பயங்கரமான திரைக்கதை அது! படமோ கடலை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஓதத்தைப் பற்றி இன்னொன்று புரியும். இங்கிருந்து கிழக்கே ஃபண்டி வளைகுடாவில் ஓதம் 16 மீட்டர் வரை ஏறுகிறது. நம் கரையில் ஒரு மீட்டருக்குள் வைத்திருக்கும் அதே நிலவுதான் அங்கே ஐந்து மாடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குகிறது. வளைகுடாவின் நீளமும் ஆழமும் தண்ணீர் முன்னும் பின்னும் ஊசலாடும் நேரத்தை ஓதத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வைத்திருக்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரம் கூடிக்கொண்டே போவதுபோல. ஹோப்வெல் பாறைகளில் வற்றும்போது கடலடியில் நடக்கலாம், ஏறத் தொடங்கியதும் எல்லாரையும் படியேறச் சொல்லிவிடுவார்கள். ஆறு மணி நேரத்தில் நடந்த இடத்தில் படகு போகும். மாண்ட்ரியலிலோ செயின்ட் லாரன்ஸ் நதியில் ஓதமே தெரியாது, கடல் பக்கமாகக் கியூபெக் நகரம் வரை போனால்தான் பெரிதாகத் தெரியும். அப்படியானால் பேரழிவு ஊருக்கு ஊர் வேறாக இருக்கவேண்டும். படத்தில் எல்லா ஊருக்கும் ஒரே தண்ணீர்.

இப்போது எடை. நிலவு அருகில் வந்ததும் கார்களும் தண்ணீரும் மேலே எழும்புவதைப் பார்த்திருப்பாய். நிலவின் நிறை இன்று உள்ளதுதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு. நிலவு 20,000 கி.மீ. தூரத்தில் சரியாக உன் தலைக்கு மேல் நின்றால் 60 கிலோ எடையுள்ள உனக்குக் குறைவது 90 கிராம். ஒரு சோப்புக்கட்டி அளவு. நிலவு பூமியை வந்து தொட்டே விட்டாலும் அதன் தரையில் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்குதான், பத்துக் கிலோகூடக் குறையாது. கார் பறக்க வழியே இல்லை. ஆனால் அதே 20,000 கி.மீ. தூரத்தில் ஓதவிசை இன்றைக்கு உள்ளதைப்போல் 7,000 மடங்கு. கெட்டியான பாறைத் தரைகூட இன்றும் தினமும் சில பத்து செ.மீ. ஏறி இறங்குகிறது. அதை 7,000-ஆல் பெருக்கிப் பார். கடலைவிடத் தரைதான் முதலில் கிழியும், எரிமலைகள் வெடிக்கும். இன்னும் நெருங்கினால் நிலவே தாங்காது. சுமார் 18,000 கி.மீ. என்பது ரோஷ் எல்லை, அதற்குள் வந்தால் பூமியின் இழுவையில் அது உடையத் தொடங்கும்.

வானத்தில் என்ன தெரியும் என்பது இன்னும் அழகு. இன்று நிலவின் அகலம் அரைப் பாகை, கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் மறைந்துவிடும். 20,000 கி.மீ.-ல் அது ஒன்றரை முட்டி அகலம். அங்கே அது எட்டு மணி நேரத்துக்குள் பூமியைச் சுற்றிவிடும். பூமி சுழல்வதைவிட அது வேகம் என்பதால் நிலவு மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். நம் பீச் ரோட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிலா முதுகுப் பக்கம், ஊருக்குள்ளிருந்து எழுந்து கடலில் இறங்கும். ஒரு செலவும் இல்லாமல் வயிற்றைக் கலக்கும் காட்சி அது.

நிலவு உள்ளே கூடு, யாரோ கட்டியது என்ற பகுதிக்கு வருகிறேன். 1969 நவம்பரில் அப்போலோ 12 குழு தங்கள் இறங்குகலத்தின் மேலேறும் பகுதியை நிலவில் மோதவிட்டபோது அதிர்வு ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக நீடித்தது. அதை வைத்துத்தான் 'நிலவு மணிபோல ஒலித்தது, உள்ளே வெற்றிடம்' என்ற பேச்சு கிளம்பியது. உண்மையில் ஈரமே இல்லாத நொறுங்கிய பாறையில் அதிர்வு சீக்கிரம் அடங்காமல் சிதறிக்கொண்டே இருக்கும். உள்ளே கெட்டி என்பதற்கு நல்ல சான்று சுழல்நிலைமம், அதாவது நிறை மையத்தில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று காட்டும் எண். உருண்டை முழுக்க ஒரே அடர்த்தியாக இருந்தால் அந்த எண் 0.4, வெறும் கூடாக இருந்தால் 0.67. நிலவுக்கு 0.393. படம் இந்த வதந்தியை எடுத்துக்கொண்டதில் தப்பில்லை. அதன் விளக்கத்தில் பெரும்பகுதியைக் கடைசிப் பகுதியில் ஒரே உரையாடலில் கொட்டியதுதான் தப்பு. நடுவில் நாமாக யோசித்துப் பிடிக்க அதிகம் விடவில்லை. அந்த நேரத்தில் கீழே பூமியில் குடும்பம் கார் துரத்தலில் ஓடுகிறது. வானம் விழும்போது வழிப்பறிக்காரர்களைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

மியூசியத்திலிருந்து எண்டவர் விண்ணோடத்தை எடுத்து ஏவுவதை ஒரு வரியில் முடிக்கிறேன்: லாஸ் ஏஞ்சலிஸில் வைத்திருக்கும் அதில் நிஜ எஞ்சின்களே இல்லை, இருந்தாலும் 20 லட்சம் லிட்டர் எரிபொருளுக்கு வெளித்தொட்டியும், புறப்படும்போது உந்துவிசையில் பெரும்பங்கைத் தரும் இரண்டு பூஸ்டர்களும் பறக்கத் தயாரான நிலையில் வேண்டும்.

இனி உன் தண்ணீருக்கு வருவோம். பெரிய படங்களிலும் சி.ஜி. தண்ணீர், அதாவது கணினியில் செய்த தண்ணீர், கெடுவது பெரும்பாலும் வேகத்தில்தான். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கீழே வர நாலரை விநாடி ஆகும். "இன்னும் வேகமாக" என்று யாராவது கேட்டு அதை இரண்டு விநாடியாக்கினால், அந்த நிமிஷமே அது குளியலறைத் தண்ணீர் ஆகிவிடும். அடுத்தது காமிரா. மனிதன் நிற்கமுடியாத இடத்திலெல்லாம் அது பறந்தால் அலையின் உயரம் நமக்குப் பிடிபடாது. மூன்றாவது, அலையை நேர்ச்சுவராகக் காட்டுவது. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது, நம் கரைக்குச் சுனாமி அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 4,000 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 700 கி.மீ., 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36. முன்னால் போவது மெதுவாகும்போது பின்னால் வருவது அதன்மேல் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் அது சுருண்டு விழுந்து முடியும் அலையாக இல்லை, நிற்காமல் ஏறிக்கொண்டே வந்த கடல். கடலூர் தேவனாம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அடித்தது தண்ணீர் மட்டுமல்ல, அது தள்ளிவந்த படகும் மரமும்.

நீ 1/25 அளவில் மாதிரி செய். 6 மீட்டர் வீடு 24 செ.மீ. ஆகும். அளவு 25-ல் ஒன்று என்றால் நேரத்தை 25-ன் வர்க்கமூலம், அதாவது 5 மடங்கு நீட்டவேண்டும். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், ஆகவே எடுக்கவேண்டியது 24 × 5 = 120 ஃபிரேம். இன்றைய போன்களில் பெரும்பாலும் அது உண்டு. மொட்டைமாடியில் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்துத் தொட்டி கட்டு. பின்பக்கம் 1 மீட்டர் நீள அகலத்தில் ஒரு அறை, அதில் 20 செ.மீ. தண்ணீர் தேக்கு, 200 லிட்டர். ஒட்டுப்பலகை மதகை ஒரே இழுப்பில் மேலே தூக்கவேண்டும். மெதுவாகத் தூக்கினால் கீழ்வழியாகப் பீறிடும், அலை வராது. தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்துக்குப் பக்கமாக வரும், திரையில் அது 10 மீட்டர் வேகம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ, மாடித் தளத்தின் நடுவில் வைக்காதே, சுவர் ஓரமாக வை. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு செய்.

துளிகளை உன்னால் சிறிதாக்க முடியாது, மாதிரி காட்டிக்கொடுப்பது அதில்தான். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மூடி ஊற்றி மெல்லக் கலக்கு, பரப்பு இழுவிசை குறைந்து துளி பொடியும். அதற்குமேல் போனால் சோப்பு நுரை தெரிந்துவிடும். தெளிந்த தண்ணீர் வேண்டாம், செம்மண் கரைத்துவிடு. தீக்குச்சி, தென்னங்கீற்றுத் துணுக்கு, சின்ன அட்டைப்படகு எல்லாம் மிதக்கட்டும். காமிரா 6 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். அதுதான் இந்த அளவில் நிற்கும் மனிதனின் கண். 120 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/240, வெளிச்சம் ஐந்து மடங்கு வேண்டும் என்பதால் காலை 10-லிருந்து 3 மணிக்குள் வெயிலில் எடு. டியூப்லைட் வைத்தால் படம் துடிக்கும்.

கடல் வருவதற்கு முன்னால் ஒரு ஷாட் வைத்துக்கொள்: அதே தெரு, அதே உயரம், தண்ணீர் இல்லாமல் பத்து விநாடி. 'மூன்ஃபால்' எந்த ஊரையும் அது அழிவதற்கு முன் நம்மைப் பார்க்க விடவில்லை.

முதல் டேக்கை வெட்டாமல், கலர் செய்யாமல் அப்படியே அனுப்பு. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நீ கூப்பிட்டால் இங்கே சனி இரவு ஒன்பதரை, ஒவ்வொரு ஃபிரேமாக உட்கார்ந்து பார்க்கலாம். மதகுப் பலகை எத்தனை அங்குலம் கனம் வாங்கினாய் என்றும் எழுது. அரை அங்குலத்துக்குக் குறைவானால் தண்ணீர் அழுத்தத்தில் வளைந்து ஓரத்தில் கசியும்.

அன்புடன்,
அக்கா