கம்ப்யூட்டர் வயரை முதலில் ரிசீவரில் செருகுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் பெரிய டிவி, ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர், படம் பார்க்கவென்றே ஒரு கம்ப்யூட்டர் என்று பணம் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். பொருத்த வருபவர் கம்ப்யூட்டரை டிவியில் செருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு, ஓர் ஆப்டிகல் வயரை (ஒலியை ஒளியாகக் கடத்தும் வயர்) இழுத்துவிட்டுப் போகிறார். பின்பக்க ஸ்பீக்கர் பேசுவதில்லை. ஸ்பீக்கர் மட்டம் என்று பழி விழுகிறது. குறை வயர் போன வழியில் இருக்கிறது.

ஆப்டிகல் வயரில் சுருக்கப்படாத ஒலி இரண்டு சானல்தான், அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கான தனித்தனி ஒலிதான், போகும்; 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர்) வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்று சுருக்கிய வடிவில்தான் போகும். கம்ப்யூட்டர் தானே ஸ்பீக்கர் வாரியாகப் பிரித்து அனுப்பும் ஒலி அதில் இரண்டு சானலாகிவிடும். படமும் ஒலியும் சேர்ந்து போகும் ஹெச்டிஎம்ஐ வழியில் சுருக்காமலே எட்டு சானல் போகும். ஆகவே கம்ப்யூட்டரின் ஹெச்டிஎம்ஐ ரிசீவரின் இன்புட்டுக்குப் போகட்டும். ரிசீவரின் மானிட்டர் அவுட்டிலிருந்து டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதிய துளைக்குப் போகட்டும்; டிவியின் ஒலி அதே வயரில் ரிசீவருக்குத் திரும்பி வரும் துளை அது. பிறகு விண்டோஸின் சவுண்ட் பகுதியில் அந்த ஹெச்டிஎம்ஐயைத் தேர்ந்து, 'கான்ஃபிகர்' போய் 5.1 வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கராக டெஸ்ட் கொடுத்துக் கேட்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வயர் சரியாக இருந்தும் ஸ்டீரியோதான் வரும்.

ரிசீவர் பழையதாக, ஹெச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தால் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு முப்பது முறைதான், கடக்கும்; மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். அப்போது கம்ப்யூட்டரை டிவியில் செருகத்தான் வேண்டும். அப்படிச் செருகும்போது, டிவி, ரிசீவர் இரண்டிலும் ஏஆர்சியின் புதிய வடிவமான 'இஏஆர்சி' இருந்தால்தான் முழு ஒலியும் திரும்பி வரும்; இவ்வளவு பழைய ரிசீவரில் அது இருக்காது. வெறும் ஏஆர்சி என்றால் சுருக்கிய 5.1 மட்டும். வயர் ஐந்து மீட்டரைத் தாண்டினால் சாதா வயரில் 4கே படம் விட்டு விட்டுக் கறுக்கலாம். ஃபைபர் வைத்த வயர் வாங்கினால் கம்ப்யூட்டர் முனை எது, டிவி முனை எது என்று பார்த்துச் செருக வேண்டும், மாற்றிப் போட்டால் படமே வராது.

இதைவிடப் பெரிய விஷயம் எர்த். பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் வயரிங் இரண்டு கம்பிதான். மூன்று துளை ப்ளக் பாயின்ட் இருக்கும், மேல் துளையில் ஒன்றும் இருக்காது. எர்த் இல்லாத கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் 230 வோல்ட்டில் பாதியை, ஏறக்குறைய 115 வோல்ட்டை, இரும்புப் பெட்டியில் ஏற்றி வைக்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கென்று எரியும். கை வைத்தால் சுரீர் என்னும். கரன்ட் மிகச் சிறியதுதான். ஆனால் ஸ்விட்ச் போட்ட நிலையில் ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகினால் அது ரிசீவரின் போர்ட்டுக்குள் பாய்ந்து சிப்பைக் கெடுத்துவிடக்கூடும். எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் வயரைச் செருக வேண்டும்.

எர்த் குழி தோண்டியிருந்தாலும் போதாது. நம் களிமண் சித்திரை, வைகாசியில் காய்ந்து வெடிக்கும். மண் குழாயை விட்டு விலகிவிடும். அந்த மாதங்களில் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்பு மண்ணில் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடிக்கும், கிளாம்பைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஸ்பீக்கரில் விடாமல் 'ம்ம்' என்று இரைந்தால் செட் டாப் பாக்ஸில் வரும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், கேபிள்காரர் லைனின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கின்றன என்று பொருள். அந்த வயரில் இரண்டு எர்த்தையும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் மாட்டினால் போதும். ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். இரைச்சலோடு உயிர்ப் பாதுகாப்பும் போய்விடுகிறது. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ரிசீவர் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும், சைன் வேவ் வேண்டும்.

இன்னொன்று. 1956-இல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரப் பதிவுகள் மோனோ, ஒரே சானல். அதை 'ஆல் சானல்' மோடில் போட்டு ஐந்து பக்கமும் அலறவிட்டால் நாகஸ்வரத்தின் நாதமே கெட்டுப்போகிறது. 'டைரக்ட்' மோடில் கேளுங்கள்.

ஐப்பசி மழைக்கு இடி இறங்கும்போது கரன்ட் ப்ளக்கோடு டிஷ் வயரையும் கழற்றிவிட வேண்டும். ஸ்விட்சை அணைப்பது மட்டும் காப்பாற்றாது.

விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எர்த் துளையை எலக்ட்ரீசியனைக் கொண்டு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே பேசவைத்துக் காட்டிவிட்டு அப்புறம் பில் போடுங்கள். வாங்குபவர்களும் அதைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

– வாசகர், கும்பகோணம்