நான் தொடங்கிய கம்பெனியில் எனக்கு ஓட்டு இல்லை

சாயல்குடி
ஐப்பசி, அடைமழை

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. கருப்பட்டியைக் கையில் வைத்திருப்பவனுக்கு மழை வந்தால் தூக்கம் போச்சு.

பனையேறிகளோடு தொடங்கிய கருப்பட்டிக் கம்பெனி எப்படிப் போகிறது என்று கேட்டாய். சிரிப்பாய். ஓடியாடித் தொடங்கியவன் நான், பொதுக்கூட்டத்தில் எனக்கு ஓட்டுக் கிடையாது. 2002-ல் வந்த உற்பத்தியாளர் கம்பெனிச் சட்டப்படி 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் போதும். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. எனக்குத்தான் மரம் ஏறத் தெரியாதே, நான் எப்படி உற்பத்தியாளர் ஆவது! சம்பளத்துக்கு நிர்வாகம் பார்க்கிறேன். பனையேறி அண்ணன்மார் கை தூக்குவார்கள், நான் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொள்வேன்.

முதல் வருஷம், வியாபாரி தருவதைவிடக் கிலோவுக்குக் கூடுதலாகத் தருகிறோம், சீனி கலக்காத சரக்காக இருந்தால் போதும் என்று ஊர் ஊராகச் சொன்னேன். மூன்றே வீட்டிலிருந்துதான் சரக்கு வந்தது. எனக்குப் புரியவே இல்லை. விடிலிக் குடிசையில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு அக்காதான் சொன்னார்: "தம்பி, நீங்க மாசியில வந்து வெல சொல்றீக. அவுக ஐப்பசியிலயே காசு குடுத்துட்டாகளே."

ஆடியோடு பாளை ஓய்ந்து பதநீர் நின்றுவிடும். அப்புறம் கருவேல விறகைக் கரியாக்கும் மூட்டம், கடல் வேலை, கிடைத்த கூலி. அந்த மாதங்களில் பள்ளிக்கூடச் செலவுக்கும் ராத்திரி ஆஸ்பத்திரிக்கும் பணம் தருவது வியாபாரிதான். அதற்கு ஈடாக அடுத்த பருவச் சரக்கு அவர் வைத்த விலைக்குப் போகும். அவரைக் கொள்ளைக்காரராகவே பார்த்தேன். ஆனால் கதவைத் தட்டினால் திறக்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

2006-ல், ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்த வங்கதேசத்து யூனுஸுக்கும் அவருடைய கிராமீன் வங்கிக்கும் நோபல் கிடைத்தபோது ராமநாதபுரம் டீக்கடையில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நீ "முதல்ல கடன்" என்றாய். "விலை சரியா இருந்தா கடன் எதுக்குடா" என்று கத்தினேன். நீ சொன்னதுதான் சரி. எழுதியே கொடுத்துவிட்டேன், ஃப்ரேம் போட்டு வைத்துக்கொள்.

போன வருஷ லாபத்தில் வண்டி வாங்கலாம் என்றேன். கூட்டம் ஒரே குரலாக, பாளை ஓய்ந்த மாதங்களில் கொடுக்க ஒரு முன்பண நிதிக்கு என்றது. அதன்பிறகுதான் வீடுகள் வந்து சேர்ந்தன.

என் நவீன மூளையின் இன்னொரு கூத்து: பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிச் சென்னைக்கு அனுப்பிய சரக்கு கசிந்து பாகாகித் திரும்பி வந்தது. பெரியவர்கள் ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், புகை படுமென்று. இப்போது கொட்டான்தான். முடைகிற பெண்களுக்கும் கூலி.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. ஆனியில் ஒரு அண்ணன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்துபோனார். இனி ஏற மாட்டார். நிதியில் அவர் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. தள்ளுபடி செய்தால் நிதி குறையும், அடுத்தவருக்குத் தர முடியாது. கேட்கவோ வாய் வரவில்லை. நீ பேங்கில் இருப்பவன். வெள்ளிக்கிழமை கூட்டம், அதற்குள் ஒரு போன் போடு.

உன் பழைய மாப்ள

(கொட்டான் ஒன்று அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து ஃபிரிட்ஜில் வைக்காதே.)